டர்போவுக்கு ஒயில் போகும் லைனும் திரும்பும் லைனும்: 4ஜேபி1 எல்ஃப் லொறியில் செய்த வேலை

டர்போ என்பது எஞ்சின் புகையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அடைக்கும் கருவி. கழற்றிய அதே டர்போதான் திரும்பவும் பூட்டப்பட்டது. பெயாரிங் மாற்றவில்லை, சீல் மாற்றவில்லை. ஒயில் போகும் லைன், சம்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு) திரும்பும் லைன், பிரீதர் பைப் (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்ததும், டர்போவில் ஒயில் கசிந்து எரிந்ததால் வந்த நீலப் புகை நின்றுவிட்டது. ஒட்டுசுட்டானில் நெல் ஏற்றி மாங்குளம் வந்து ஏ9இல் ஏறும் லொறி இது. சிறுபோக அறுவடை முழுக்கப் பாரத்தோடு ஓடியபிறகும் டிப்ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் இறங்கவில்லை. ஆகவே இனி எழுதலாம்.

வாகனம் இசுசு எல்ஃப். எஞ்சின் 4ஜேபி1, 2,771 சிசி டீசல், டர்போ இல்லாமல் வந்த வகை. பின்னர் பூட்டியது ஜப்பான் கழிவு டர்போ ஒன்று: சிறியது, ஜேர்னல் பெயாரிங் (குண்டுகள் இல்லாமல் ஒயில் படலத்தில் தண்டு சுழலும் வகை), தண்ணீர் வழி இல்லாதது. அதாவது, அதைக் குளிர்விப்பதும் ஒயில்தான், வழுக்க வைப்பதும் ஒயில்தான். பூஸ்ட் (டர்போ அடைக்கும் காற்றின் அழுத்தம்) அரை பாரைத் தாண்டாதபடி வைத்திருக்கிறது. பம்ப் செற்றிங், எக்ஸ்ஹோஸ்ட் மனிபோல்ட் பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை.

வந்தபோது இருந்த நிலை

புகை வந்தவுடன் "சீல் போயிட்டுது, வேற டர்போ போடுங்கோ" என்பதுதான் வழமையாகக் கிடைக்கும் தீர்ப்பு. டர்போவின் தண்டில் றப்பர் சீல் கிடையாது. பிஸ்ரன் றிங் மாதிரியான மெல்லிய இரும்பு வளையம் ஒவ்வொரு பக்கமும் உண்டு. உள்ளே ஒயில் தேங்கினால் அந்த வளையத்தால் அதை மறிக்க முடியாது. தேங்காமல் கீழே ஓடினால் பழைய வளையமும் போதும். அதனால் டர்போவைக் குறை சொல்ல முதல் ஒயில் ஏன் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தண்டை அச்சுவாக்கில் தள்ளி இழுத்து டயல் கேஜில் பார்த்தபோது அசைவு 0.1 மி.மீ.க்குள்தான் இருந்தது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். ஜேர்னல் பெயாரிங்குக்கு அது இயல்பு, ஒயில் படலம் நிற்பதற்கு விட்ட இடைவெளி அது. விசிறி எங்கும் உரசிய தடம் இல்லை. டர்போ நல்லது.

லைன்கள்தான் நல்லதாக இல்லை. ஒயில் போவதற்கு 3/16 இஞ்சி செப்புக் குழாயைச் சுருள் சுற்றிப் போட்டிருந்தது. செப்பு அதிர்வில் இறுகும், இறுகினால் பிளேர் அடித்த (குழாய் வாயை விரித்த) இடத்தோடு வெடிக்கும். இதில் மயிரிழை வெடிப்பு ஏற்கெனவே விழுந்து கசிந்துகொண்டிருந்தது. திரும்பும் லைனுக்கு அரை இஞ்சி ஹீற்றர் ஹோஸ். தண்ணீருக்கென்று செய்த அந்த றப்பர் ஒயிலில் ஊறினால் பொங்கும். வெளியே பார்க்க நல்ல ஹோஸ்தான், அறுத்துப் பார்த்தால் உள் ஓட்டை சுருங்கி 8 மி.மீ. வரைதான் மிச்சம். அது போதாதென்று, ஹோஸ் எஞ்சின் மவுண்டுக்குக் கீழே தொங்கி மறுபடி மேலேறி, சம்பின் அடியில் டிறெய்ன் பிளக்குக்குப் பக்கத்தில் போட்ட நிப்பிளில் முடிந்தது. அந்த இடம் ஒயில் மட்டத்துக்குக் கீழே.

டர்போவுக்கு ஒயிலை அனுப்புவது பம்ப். திருப்பி எடுக்க எந்தப் பம்பும் இல்லை, தன் பாரத்தால் தானாக விழ வேண்டும். வயல் வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கிற மாதிரித்தான் இதற்கும் பார்க்க வேண்டும். இடையில் ஒரு பள்ளமும் ஒரு மேடும் இருந்தால் அதில் ஒயில் நிற்கும். அதோடு போகும்போது ஒயிலாகப் போவது திரும்பும்போது நுரையாகத்தான் வருகிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று ஒயிலை அடித்துவிடுகிறது. நுரைக்கு இடம் அதிகம் வேண்டும். 6 மி.மீ. குழாயில் போனது 16 மி.மீ. குழாயில் திரும்புவது அதனால்தான்.

எதில் பிழை என்று பிரித்தது

சைலன்சரில் படிந்த பழைய ஒயில் நெடுநேரம் புகையும். அதனால் பின்குழாயைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. டவுன் பைப்பை (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாயை) கழற்றி, டேர்பைன் (புகை சுழற்றும் விசிறி) பக்கத்து வாயைத் துணியால் துடைத்துவிட்டு, திரும்பும் ஹோஸைச் சம்பிலிருந்து எடுத்து நேரே கீழே ஒரு சுத்தமான வாளிக்குள் விட்டு, ஐடிலில் ஓடவிட்டோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, சம்பில் இருப்பது வாளிக்குப் போய்க்கொண்டிருக்கும். டேர்பைன் வாய் காய்ந்தபடியே இருந்தது. சம்பில் மறுபடி கொளுவி ஓட்டியதும் வாயின் அடிப்பக்கத்தில் ஈரம் கட்டியது. இந்த ஒரு சோதனையே ஒரு டர்போவின் விலையை மிச்சம் பிடிக்கும்.

அடுத்தது பிரீதர். டிப்ஸ்ரிக் குழாயில் ஒரு தெளிவான பிளாஸ்ரிக் ரியூப்பை இறுக்கி, அதை ‘யு’ வடிவில் பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டால் கிராங்க் கேஸ் (கிராங்க் சுழலும் எஞ்சின் அடிப்பெட்டி) அழுத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஐடிலில் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் 15 மி.மீ. அளவுதான். அக்சிலேற்றரை ஒரு தடவை அழுத்தியதும் தண்ணீர் முழுக்க ரியூப்பை விட்டு வெளியே சீறிவிட்டது. காரணத்தைத் தேட வேண்டி இருக்கவில்லை. பிரீதர் பைப் இன்ரேக் மனிபோல்டில்தான் இன்னும் பூட்டிக் கிடந்தது. டர்போ இல்லாத காலத்தில் அங்கே உறிஞ்சல், இப்போது பூஸ்ட். டர்போ அடைக்கும் காற்று பிரீதர் வழியாகவே கிராங்க் கேஸுக்குள் போய், திரும்பும் ஒயிலைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

மனிபோல்ட் ஓட்டையைப் பிளக் போட்டு அடைத்து, பிரீதரை 19 மி.மீ. ஹோஸில் ஒரு ஒயில் பிடிக்கும் டப்பாவுக்கு எடுத்து, அங்கிருந்து எயார் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட பைப்பில் சேர்த்தோம். எயார் கிளீனருக்கு முன்னால் சேர்த்தால் கிரவல் புழுதி ஒயிலோடு சேர்ந்து பில்டர் ஒரு கிழமையில் சேறாகிவிடும். மாற்றியபின் எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் தண்ணீர் 20 மி.மீ.க்கு மேல் ஏறவில்லை.

இதோடு புகை பாதி குறைந்தது. லைனைத் தொடாமல் இங்கேயே நிறுத்தியிருந்தால் பாரம் ஏற்றிய அன்றே திரும்ப வந்திருக்கும்.

டர்போவைத் திருப்பி வைத்தல்

சம்பில் ஓட்டை போட முதல், டர்போவின் ஒயில் வாய் எங்கே பார்க்கிறது என்பதை முடிவாக்க வேண்டும். மேலே ஒயில் உள்ளே போகும் வாய், நேர் கீழே வெளியே வரும் வாய். செங்குத்துக் கோட்டிலிருந்து 35 பாகைக்கு மேல் சாயக் கூடாது. இதில் 50 பாகை அளவு சாய்ந்திருந்தது, பார்த்தாலே தெரியும்.

நடு உடலைத் திருப்ப, டேர்பைன் பக்கப் போல்ட்டையும் கொம்பிரசர் (காற்றை அடைக்கும் விசிறி) பக்கப் போல்ட்டையும் தளர்த்த வேண்டும். டேர்பைன் பக்கத்துப் போல்ட் சூட்டில் இறுகிப்போயிருக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள். துருவுக்குள் ஊறும் ஒயில் விட்டு ஒரு இரவு வைத்து, டேர்பைன் வீட்டை (வெளிக்கூட்டை) மட்டும் காஸ் சுடரில் சூடாக்கினால் இளகும். உடலைத் திருப்பும்போது கொம்பிரசர் வீடும் கூடவே திரும்பிவிட்டால் வேஸ்ற்கேட் (பூஸ்ட் கூடாமல் காக்கும் கதவு) கம்பி கோணலாகும், அதை ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் இறுக்கி முடிய, செங்குத்திலிருந்து 10 பாகைக்குள் வந்தது.

சம்ப்

இந்த வேலையின் பாரமான பகுதி இதுதான். சம்ப் கழற்றாமல் ஓட்டை துளைத்து நிப்பிள் போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இரும்புத்தூள் ஒயில் பம்பின் வலைக்குப் போகும். கிறீஸ் பூசிய துளையலகு கொஞ்சம் பிடிக்கும், எல்லாவற்றையும் பிடிக்காது. கழற்றுங்கள்.

கழற்ற முதல் ஒயில் மட்டத்தைச் சம்பின் வெளியில் குறிக்க வேண்டும். லொறியைச் சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்ரிக்கில் ‘புல்’ கோடு வரை ஒயிலைச் சரிசெய்துவிட்டு, டிறெய்ன் பிளக் இடத்தில் நிப்பிள் ஒன்றைச் சட்டென்று மாற்றி (கொஞ்சம் சிந்தும்), அதில் தெளிவான ரியூப்பைக் கொளுவி மேலே உயர்த்திப் பிடிக்கவும். ரியூப்பில் ஒயில் வந்து நிற்கும் உயரம்தான் உள்ளே இருக்கும் மட்டம். ஒயில் தடிப்பானது, சட்டென்று ஏறாது, ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மேசன்மார் ரியூப்பில் மட்டம் பிடிக்கும் அதே வேலைதான். அந்த உயரத்தில் சம்பைச் சுற்றி வெள்ளைப் பெயின்ற் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே, திரும்பும் குழாயின் அடிவிளிம்பு குறைந்தது 25 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மேலே சம்பின் உதட்டிலிருந்து 15 மி.மீ.யாவது விட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும் சூட்டில் உதடு நெளியும். இதில் இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு குழாய் போகும் இடம்தான் கிடைத்தது.

உள்ளேயும் பார்க்க வேண்டும். கிராங்க் சுழலும்போது ஒயிலை வீசி அடிக்கும் பக்கத்துக்கு நேராக ஓட்டை வந்தால், வீசும் ஒயில் குழாய்க்குள் ஏறும். வேறு இடம் இல்லாததால், ஓட்டைக்கு முன்னால் 1.5 மி.மீ. தகட்டில் சின்ன மறைப்பு ஒன்று வளைத்து, மேலும் முன்னும் மூடி, அடி மட்டும் திறந்திருக்க ஒட்டினோம். மறைப்புக்கும் கொன்றொட் (பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) சுற்றுக்கும் 12 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று, சம்பைத் தற்காலிகமாகப் பூட்டிக் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். களிமண் உருண்டை ஒன்றை மறைப்பில் ஒட்டிவைத்துச் சுற்றினால் நசுங்கிய தடிப்பு கணக்கைச் சொல்லும்.

குழாய்: வெளிவிட்டம் 19 மி.மீ., சுவர் 1.5 மி.மீ., மூட்டில்லாத இரும்புக் குழாய். உள்விட்டம் 16 மி.மீ., ஐந்து நூல். 50 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு, முனையை 45 பாகையில் வெட்டி, சம்பில் மேல்நோக்கிச் சரிவாக வைத்தது. சாதாரண முக்கால் இஞ்சிச் சொக்கற்றை ஒட்டி அதில் எல்போ போடலாம், ஆனால் ஒவ்வொரு எல்போவும் ஒரு தடை, ஒவ்வொரு மரையும் ஒரு கசிவு. குழாய் முனையில் ஹோஸ் வழுகாமல் இருக்க, 1.6 மி.மீ. கம்பியை வளையமாக ஒட்டி அரத்தால் மழுக்கினால் போதும்.

சம்பைக் கழுவுவது மண்ணெண்ணெயில், பிறகு சோடாவும் கொதிநீரும், பிறகு வெயிலில் முழுக்கக் காயவிடுதல். பெற்றோலில் கழுவிவிட்டுச் சுடர் பிடிப்பது உயிரோடு விளையாடும் வேலை. மடிப்புகளுக்குள் ஆவி நிற்கும்.

சம்ப் தகடு மெல்லியது. ஆர்க் வெல்டிங்கில் 2.5 மி.மீ. குச்சியும் 60 அம்பியரும் வைத்தாலும் ஓட்டை விழ வாய்ப்புண்டு. ஒட்டுப் பிடித்த மாதிரித் தெரியும் இடத்தில் ஊசித்துளைகள் மறைந்திருக்கும். காஸில் பித்தளை ஒட்டு இதற்குப் பொருத்தம்: பித்தளை இடுக்கெல்லாம் ஓடி நிறைக்கும். ஒட்டும்போது சம்பின் உதட்டில் 6 மி.மீ. பட்டை இரும்பைப் போல்ட் பண்ணிவைத்தால் நெளியாது, ஆறும் வரை கழற்றக் கூடாது. ஆறியபின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துச் சுற்றிவர 0.3 மி.மீ. கேஜ் நுழைகிறதா என்று பார்த்தோம். ஒரு மூலையில் நுழைந்தது. மரச்சுத்தியலால் தட்டியதும் சரியாகிவிட்டது.

கசிவு பார்க்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒட்டின் வெளிப்பக்கம் முழுக்கச் சோக்கைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே ஒட்டின் மட்டத்துக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணித்தியாலம் வைக்கவும். ஊசித்துளை இருந்தால் வெள்ளையில் கறுத்த புள்ளி விழும்.

திரும்பும் ஹோஸ்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஹைட்ரோலிக் ஹோஸ் அமுக்கித் தரும் கடைகள் இருக்கின்றன, அறுவடை மெஷின்களும் பெக்கோக்களும் அவற்றை வாழவைக்கின்றன. அங்கே ‘ஆர்4’ என்று கேட்டால் உறிஞ்சல் ஹோஸ் தருவார்கள். ஒயிலுக்கான றப்பர், உள்ளே கம்பிச் சுருள், நசுங்காது. முக்கால் இஞ்சி ஆர்4 ஹோஸின் உள்விட்டம் 19 மி.மீ., நம்முடைய குழாயின் வெளிவிட்டமும் 19 மி.மீ. கொஞ்சம் ஒயில் பூசித் தள்ளினால் ஏறும். நீல நிற சிலிக்கன் ஹோஸ் பார்வைக்கு அழகு, ஆனால் உட்பூச்சு இல்லாத சிலிக்கன் ஹோஸ் ஒயிலில் ஊறி வியர்க்கும். இதற்கு வேண்டாம்.

ஆர்4 ஏறக்குறைய 100 பாகை சென்ரிகிரேட் வரைதான் தாங்கும். ஆகவே டர்போவின் வாயிலிருந்து முதல் 120 மி.மீ.க்கு இரும்புக் குழாய், அதன்பிறகுதான் ஹோஸ். டர்போ முகத்துக்கு 8 மி.மீ. தகட்டில் பிளேன்ஜ் (போல்ட் போட்டு இறுக்கும் தட்டு) வெட்டி, குழாயை அதில் ஒட்டி, லேத்தில் முகம் பிடித்தது. கஸ்கெட்டை 0.8 மி.மீ. தாளில் வெட்டும்போது நடு ஓட்டை குழாயின் ஓட்டையைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். கண்மட்டத்தில் வெட்டி ஓட்டை சின்னதாகப் போனால், 16 மி.மீ. குழாயை 10 மி.மீ. ஆக்கிவிட்டு மிச்ச எல்லாப் பாடும் வீணாகும். பிளேன்ஜில் சிலிக்கன் பசை கூடாது. பழைய பிளேன்ஜைக் கழற்றியபோது, இறுக்கும்போது பிதுங்கிய சிவப்புச் சிலிக்கன் வழியின் கால்வாசியை மூடி நாக்குப்போல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

பிளேன்ஜ் முகத்திலிருந்து சம்புக் குழாய் வரை நேர் இறக்கம் 310 மி.மீ., ஹோஸின் வழியில் எங்கும் கிடையாக ஓடும் இடம் இல்லை. பூட்டிய பிறகு மேலே புனல் வைத்து ஒரு லீற்றர் ஒயிலை ஒரே மூச்சில் ஊற்றிப் பார்த்தோம். புனலில் தேங்காமல் இறங்கியது.

ஒயில் போகும் லைன்

எஞ்சினின் ஒயில் பிரஷர் சுவிட்ச் ஓட்டையிலிருந்து எடுப்பது வழக்கம். அந்த ஓட்டை பில்டருக்குப் பின்னால் வருகிறதா என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும், பில்டராகாத ஒயில் டர்போவின் தண்டைத் தின்றுவிடும். பில்டரைக் கழற்றி, சுவிட்ச் ஓட்டைக்குள் காற்று அடியுங்கள். பில்டர் பூட்டும் இடத்தின் நடுக் குழாயால் காற்று வந்தால் சுத்தப் பக்கம். சுற்றியுள்ள துளைகளால் வந்தால் அழுக்குப் பக்கம், வேறு இடம் தேட வேண்டியதுதான்.

இனி மரை. இந்த எஞ்சினில் இருந்தது எட்டில் ஒரு இஞ்சி பிஎஸ்பிரி (பிரித்தானியக் குழாய் மரை): இஞ்சிக்கு 28 மரை, 55 பாகை. இணையத்தில் வாங்கும் டர்போ கிட்களில் அநேகமாக வருவது என்பிரி (அமெரிக்கக் குழாய் மரை): 27 மரை, 60 பாகை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்றுப் போகும், அதனால்தான் ஆபத்து. "இறுகுது" என்று நினைத்து ஸ்பனரைப் போட்டால், கசியும், அல்லது வார்ப்பு வெடிக்கும். திரெட் கேஜ் (மரை அளக்கும் தகடு) வைத்துப் பார்த்தால் தெரியும். புதிய பிளக் ஒன்றின் மரையை எஞ்சினிலிருந்து கழற்றிய சுவிட்சின் மரையோடு பல்லோடு பல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியும்.

சுவிட்சும் வேண்டும், கேஜும் வேண்டும், டர்போ லைனும் வேண்டும். பித்தளை ரீ (மூன்று வாய் மூட்டு) ஒன்றை அந்தச் சின்ன மரையில் பூட்டி எல்லாவற்றையும் அதில் தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்தோடு முறியும். முறிந்தால் பிரஷரில் உள்ள ஒயில் எல்லாம் சூடான மனிபோல்டில் விழும், தீப்பிடிப்பதற்கு வேறு எதுவும் தேவையில்லை. ஆகவே எஞ்சினில் ஒரு நிப்பிளும் குட்டையான ஹோஸும் மட்டும். 25 மி.மீ. சதுர இரும்பில் லேத்தில் செய்த ஒரு கட்டையை எஞ்சின் உடலில் பிறக்கற்றால் பூட்டி, சுவிட்ச், கேஜ், டர்போ லைன் மூன்றையும் அந்தக் கட்டையில் பூட்டினோம். சசியில் (லொறியின் அடிச்சட்டத்தில்) பூட்டக் கூடாது, எஞ்சினும் சசியும் ஒன்றாக ஆடாது.

மரையில் வெள்ளைத் திரெட் ரேப் சுற்றும் பழக்கத்தை இந்த லைனில் விட்டுவிட வேண்டும். அறுந்த இழை ஒன்று டர்போவின் 3 மி.மீ. துளையில் போய் நின்றால் போதும். பிஎஸ்பிரி கூம்பு மரை, திரவ சீலரை முதல் இரண்டு மரை விட்டுப் பூசினால் பிடிக்கும். கையால் இறுகியபின் ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று.

டர்போவுக்கு கால் இஞ்சி ஹைட்ரோலிக் ஹோஸ், உள்விட்டம் 6 மி.மீ.க்குச் சற்று மேல், இரண்டு முனையும் அமுக்கியது. அழுத்தத்துக்கு இது தேவைக்குப் பலமடங்கு அதிகம், 4 பார் எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சூடு அதற்கும் பிரச்சினை. பிரெயிடட் டெஃப்லோன் ஹோஸ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடையில் அமுக்கி வாங்கிய ஹோஸை அப்படியே பூட்டாதீர்கள். அறுத்த வாளின் றப்பர் தூள் உள்ளே இருக்கும். தங்கூசியை (நைலோன் மீன்பிடி நூலை) ஹோஸ் வழியாக விட்டு, மறுமுனையில் மண்ணெண்ணெய் நனைத்த பருத்தித் துணித் துண்டைக் கட்டி இழுக்கவும். முதல் துணி கரி பூசிய மாதிரிக் கறுப்பாக வரும், அதில் விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், அமுக்கிய முனையின் இரும்புச் சீவலும் அதில் உண்டு. துணி வெள்ளையாக வரும் வரை இழுத்து, கடைசியில் காற்றடித்து, பூட்டும் வரை இரண்டு முனையையும் மூடிவைக்க வேண்டும். இந்த லைனுக்குப் பிறகு பில்டர் எதுவும் இல்லை.

டர்போ முனையில் பான்ஜோ (உள்ளே துளையுள்ள போல்ட்டால் இறுக்கும் வளைய முனை). இதில் 12 மி.மீ., பிச் 1.25. செப்பு வோஷர் புதிதில்லையென்றால் சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மென்மையாகும், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இறுக்கம் 22 நியூட்டன் மீற்றர். ஜேர்னல் பெயாரிங் டர்போவுக்குத் தனியாக ஒயிலைக் குறைக்கும் துளை தேவையில்லை, பான்ஜோவின் சொந்தத் துளையே போதும். போல் பெயாரிங் டர்போவாயிருந்தால் 1 மி.மீ. துளை போட வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொண்டு இதற்கும் 1 மி.மீ. போட்டால் தண்டு கருகும்.

ஹோஸை மனிபோல்டிலிருந்து 50 மி.மீ. தள்ளி, பின்பக்கத்தால் சுற்றி எடுத்தது, நீளம் 900 மி.மீ. நேர்வழியில் 500 மி.மீ. போதும், ஆனால் அது டேர்பைன் வீட்டை உரசிக்கொண்டு போகும். 200 மி.மீ.க்கு ஒரு றப்பர் பிடித்த கிளிப். டேர்பைனுக்கு நேரான இடத்தில் 1 மி.மீ. அலுமினியத் தகடு, ஹோஸுக்கும் தகட்டுக்கும் 10 மி.மீ. காற்று. ஹோஸுக்குக் கண்ணாடியிழை உறை போட்டால் நல்லது. சூட்டுக் கயிற்றை ஹோஸில் இறுக்கிச் சுற்றி விடுகிற பழக்கம் வேண்டாம்: கசியும் ஒயிலை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கசிவும் கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் அதுவே எரியும்.

ஸ்ரார்ட் பண்ண முதல்

15டபிள்யூ-40 டீசல் ஒயில், புதிய பில்டர். டர்போவின் மேல் வாய்க்குள் எண்ணெய்க்குப்பியால் ஒயில் விட்டு, விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி இன்னும் விட்டு நிரப்பி, பிறகு பான்ஜோவை இறுக்கவும். டீசல் வெட்டும் சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பற்றாதபடி ஸ்ரார்ட்டரில் மட்டும் 10 விநாடி சுற்றி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி. திரும்பும் ஹோஸைச் சம்பில் கொளுவாமல் போத்தலில் விட்டுவைத்தால் ஒயில் வருவதைப் பார்க்கலாம். வராமல் வயரைக் கொளுவக் கூடாது, பற்றரி இறங்கினாலும் பரவாயில்லை.

பற்றியபின் மூன்று நான்கு நிமிடம் ஐடில், ரேஸ் கொடுக்காமல். சூடேறியதும் நிறுத்தி, ஹோஸை மறுபடி போத்தலில் விட்டு ஐடிலில் 30 விநாடி பிடித்துப் பார்த்தபோது 400 மி.லீ. அளவு நுரையடங்கிய ஒயில் கிடைத்தது. கேஜில் சூட்டு ஐடில் 1.1 பார், 2,500 சுற்றில் 3.8 பார். லைனைக் கொளுவ முன்பும் ஏறக்குறைய இதே எண்கள்தான், ஆகவே டர்போ எஞ்சினின் பங்கைப் பிடுங்கவில்லை.

எல்லா மூட்டையும் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி ஒரு ஓட்டம் ஓடினால், கசியும் இடம் ஈரக்கோடாகத் தெரியும். சம்புக் குழாயின் கிளிப்பில் ஒரு கோடு வந்தது, ஆறியபின் அரைச் சுற்று இறுக்கியதும் நின்றது. ஹோஸ் முதல் சூட்டில் கொஞ்சம் அமரும், எல்லாக் கிளிப்பையும் ஆறிய எஞ்சினில் இரண்டாம் தடவை இறுக்குவது கட்டாயம்.

செலவில் ஹோஸ்களும் அமுக்கிய முனைகளும் கிட்டத்தட்ட 9,000 ரூபாய், லேத்தும் பித்தளை ஒட்டும் 6,000, வோஷர், கிளிப், கஸ்கெட், தகடு எல்லாம் 4,000க்குள், ஒயிலும் பில்டரும் 14,000. சம்ப் கழற்றும் கூலி வேறு. ஒயில் செலவு ஒன்றல்ல, இரண்டு: புதிய லைனில் எவ்வளவு துடைத்தாலும் ஏதோ மிச்சம் இருக்கும், 500 கிலோமீற்றரில் ஒருமுறை மாற்றிப் பழைய பில்டரை வெட்டித் தாளை விரித்துக் காந்தம் பிடிக்க வேண்டும். இதில் கறுத்த பொடி கொஞ்சம் வந்தது, மினுக்கம் எதுவும் இல்லை.

நிறுத்தும்போது இரண்டு நிமிடம் ஐடிலில் விடச் சாரதியிடம் சொல்லியிருக்கிறது. பாரத்தோடு வந்து உடனே நிறுத்தினால் டர்போவுக்குள் நிற்கும் ஒயில் கருகி அந்த 3 மி.மீ. துளையில் கரியாகப் படியும். ஆலை வாசலில் வரிசையில் நிற்கிற நேரமே அதற்குப் போதும், தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த லொறிக்குச் செய்யும்போது மாற்றுவது மூன்று. ஒயில் போகும் லைனின் டர்போ முனையில் முதல் 150 மி.மீ.யை 8 மி.மீ. இரும்புக் குழாயில் செய்து, ஹோஸை அங்கிருந்துதான் தொடங்குவது. சம்புக் குழாயை 50க்குப் பதில் 65 மி.மீ. நீளமாக விடுவது, இப்போது ஹோஸ் பிடிக்கும் நீளம் கிளிப்புக்கு மட்டுமட்டு. பிறகு, கிளிப்பின் திருகுத் தலையை வெளிப்பக்கம் பார்க்க வைத்துப் பூட்டுவது: கீழ்க் கிளிப்பின் தலை இப்போது எஞ்சின் மவுண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை இறுக்க முன்சில்லைக் கழற்ற வேண்டியிருக்கிறது.